நாற்பத்தோராவது பாட்டில்

மிட்சுயே அக்கா ஒரு பனிக்காலம் முழுக்க இரண்டு அளவு பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தவள். கடைக்காரன் பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டான். திருப்பிக்கொண்டு போனால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமாம். மூன்று ஜோடி கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு மார்ச் மாதம் வரை வாத்து மாதிரி நடந்தாள்.

"கழட்டி அவன் மூஞ்சில வீசிட்டு வாங்கக்கா" என்றேன்.

"பாவம் சயோரி, அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல போல."

அவனுக்கு என்னைவிட நன்றாகக் கண் தெரியும்.

யமகதா மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் மரியாதை என்பது ஒரு வியாதி. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. அக்காவுக்கு முற்றிப்போய்விட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. அவள் அப்பா பொதுக் குளியல்கூடம் நடத்தினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லாவில் அவளைத்தான் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்துக் கல்லா உயரமான மேடை, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். "கண்ணு தெறந்திருக்கணும், ஆனா எதையும் பாக்கக் கூடாது" என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்தாளாம். யாருக்கு எங்கே தழும்பு, யார் புருஷன் கட்டிய துண்டில் எத்தனை ஓட்டை எல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாத முகம். அந்த முகத்தோடுதான் இருபத்துநாலு வயதில் தொகாஷி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

தொகாஷி வீடு கோஜி கடை. அரிசியை அவித்து, பூஞ்சை ஏற்றி, அதைக் கோஜி என்று விற்பார்கள். ஊரில் மிசோ என்கிற சோயா விழுது போடுகிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வாங்க வேண்டும். புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளும் நானும்தான். நான் பெட்டி கட்டுவேன், வண்டி ஓட்டுவேன், கடன்காரனை விரட்டுவேன். பதினொரு வருஷம் முன்னால் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன்; அதற்கு முன்னால் ஒரு டின் மீன் தொழிற்சாலையில் இருந்தேன். மேற்பார்வையாளனின் தலையில் ஒரு டின்னைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தவள் நான். அக்கா அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பார்த்தும் பாராத மாதிரிதான்.

கோஜி அரிசியைக் கஞ்சியோடு சேர்த்து ஊற வைத்தால் சர்க்கரையே போடாமல் தேன் மாதிரி இனிக்கும். அமாசாகே என்போம். அக்கா அதில் யூசு எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வருஷக் கடைசிச் சீருக்கென்று விற்பாள். டிசம்பரில் ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியவர்களுக்குச் சீர் அனுப்பியாக வேண்டும். வருகிற சீரை எல்லாம் ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. ஆகவே என்ன செய்வார்கள்? கட்டைப் பிரிக்காமல், மேலே ஒட்டிய பெயர்த்தாளை மட்டும் உரித்துவிட்டு, தன் பெயரை ஒட்டி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். எல்லோரும் செய்கிறார்கள். யாரும் செய்ததாக ஒத்துக்கொண்டதில்லை. எங்கள் ஊரில் ஒருத்தரைப் பார்த்து "நான் குடுத்த சீரை யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்பதும், நடுத்தெருவில் அவர் துணியை உருவுவதும் ஒன்று.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை, கிடங்கில் ஒரு பாட்டில் வெடித்தது. அக்கா அப்போதுதான் உள்ளே போய்விட்டு வந்திருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கழுத்துப் பக்கத்துக் கண்ணாடி ஒன்று மரக்கதவில் விரற்கடை ஆழத்துக்குச் செருகி நின்றது, சரியாக அக்காவின் முக உயரத்தில். என் கோபம், வாய், எல்லாம் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. பயந்துதான் போனேன்.

மீதிப் பாட்டில் ஒன்றை வெளியே பனியில் வைத்து, மூடியை மெதுவாகத் திருகினோம். புஸ் என்று பாம்பு மாதிரிச் சீறியது. அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

"புளிக்குது. இனிப்பே இல்ல. உள்ள நொதிச்சு எல்லாத்தையும் தின்னுடுச்சு."

அடைத்த பாட்டிலை எழுபது டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் கிருமி செத்துவிடும். அதன் பிறகு அசையாது. முப்பது வருஷமாக அப்படித்தான். நவம்பரில் பழைய தெர்மாமீட்டர் உடைந்து, எண் காட்டுகிற புதுசு ஒன்று வாங்கியிருந்தோம். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து பாதரசத் தெர்மாமீட்டரை இரவல் வாங்கிவந்து தொட்டியில் விட்டுப் பார்த்தோம். புதுசு எழுபது என்றது. பாதரசம் ஐம்பத்தெட்டில் நின்றது.

அந்தத் தெர்மாமீட்டரை நம்பி அடைத்தது நாற்பத்தெட்டு பாட்டில். ஒன்று வெடித்தது. ஆறு கடையில் இருந்தது. நாற்பத்தொன்று ஊருக்குள் போயிருந்தது.

இன்ஷூரன்ஸ்காரர் உட்சுமி மதியமே வந்துவிட்டார். குண்டு மனுஷன், எங்கே உட்கார்ந்தாலும் வியர்க்கும், பனியிலும் வியர்க்கும்.

"மொதல்ல ஒண்ணு தொகாஷியம்மா. யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. எங்க ஆபீஸைக் கேக்காம ஒத்துக்கிட்டா, நாளைக்குப் பணம் தர மாட்டேன்னுடுவான்."

"மன்னிச்சுக்குங்க, இனிமே கேக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

உட்சுமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பொய் சொன்னது தெர்மாமீட்டர். அக்கா என்ன பண்ணுவாங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"சட்டம் அதைக் கேக்காது சயோரி. கண்ணாடி ஒருத்தர் கண்ணுல ஏறுச்சுன்னு வை. பாட்டில் மேல யார் பேரு? தொகாஷி. அவ்ளோதான். கவனமாத்தான் செஞ்சேன், சாமி சாட்சியாச் செஞ்சேன்னெல்லாம் பேச்சே கெடையாது. பொருள்ல கொறை இருந்துச்சா, அதனால அடிபட்டுச்சா, ரெண்டே கேள்வி. தெர்மாமீட்டர்காரன் மேல நீங்க பின்னாடி தனியாப் போட்டுக்கலாம்."

"அநியாயமா இருக்கே!"

"சரியான சட்டம்தான்" என்றாள் அக்கா. நான் முறைத்தேன். அவள் கையிலிருந்த காலிப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிக்கிறவங்க என் தெர்மாமீட்டரையா பாத்தாங்க? என் பேரைப் பாத்துதானே வாங்கினாங்க."

உட்சுமி தன் பையை மூடி வைத்தார். பிறகு, ஆபீஸ் மனுஷனாக இல்லாமல் ஊர்க்காரனாகச் சொன்னார். "இன்னொண்ணு. நேத்து வரைக்கும் தெரியாம நடந்தது. இன்னிலேருந்து தெரிஞ்சாச்சு. தெரிஞ்சும் சும்மா இருந்தா, அது வேற கதை."

எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் குளிர். சீர்ப் பெட்டிகளை வாசல் அறையில்தான் அடுக்கி வைப்பார்கள். அங்கே தண்ணீர் உறைகிற குளிர். பாட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் எல்லா வீட்டிலும் பெட்டிகள் அடுப்பறைக்கு, மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்துக்கு வந்துவிடும். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு ஒன்பது நாள் இருந்தது.

நகராட்சி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். துண்டுத்தாள் போட்டோம். வாங்கியவர்கள் பட்டியல் கையில் இருந்தது, எல்லோருக்கும் போன் போட்டோம். இரண்டே நாளில் இருபத்தாறு வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பனியில் வைத்துத் திறக்கும்போதும் எங்களுக்கு ஒரு மூச்சு திரும்பி வந்தது. சைக்கிள் கடைக்காரர் தன் வெல்டிங் முகமூடியைக் கொடுத்திருந்தார். அக்கா அதைப் போட்டுக்கொண்டு, தடித்த கம்பளிக் கையுறையோடு மூடி திருகுவதை ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப்பக்கம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மீதிப் பதினைந்துதான் வம்பு. அவை கை மாறிவிட்டன. கட்டுத்தாளில் எங்கள் கடைப் பெயர் கிடையாது, அதனால் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களுக்குப் பெட்டிக்குள் என்ன என்று தெரியாது. யாருக்குத் தெரியுமோ அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் வீடு பல் டாக்டர் வீடு. அக்கா வாசலில் நாற்பது நிமிஷம் பனியைப் பற்றியும், முள்ளங்கி விலையைப் பற்றியும், டாக்டரின் மாமியார் முழங்காலைப் பற்றியும் பேசினாள். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாம் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டில் எங்க? யாருக்காவது தள்ளிவிட்டீங்களா, இல்லையா?" என்றேன்.

டாக்டர் பெண்டாட்டியின் முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. "குடிச்சாச்சு" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ஆகக்கூடி, அக்காவின் வழியும் உதவவில்லை, என் வழியும் உதவவில்லை. வண்டியில் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா மடியில் முகமூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது மீன்கடை டோகுஜி அண்ணன். இவர் வருஷா வருஷம் அக்காவுக்கு முழு உப்புச் சால்மன் ஒன்று அனுப்புகிறவர். அக்கா கடை வாசலில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திடீரென்று குனிந்தாள்.

"டோகுஜிசான், ஒரு விஷயம் சொல்லணும். நீங்க அனுப்பற சால்மனை எட்டு வருஷமா நான் தின்னதே இல்ல. எனக்கு ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது. பெட்டியைப் பிரிக்காமலே நாத்தனாருக்கு அனுப்பிடறேன். என் பேரை ஒட்டி."

கடையில் நின்ற இரண்டு பேர் மீனைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்கள். டோகுஜி அண்ணன் கையில் கத்தி அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி வெடித்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அடக் கடவுளே! நான் மட்டும்தான் பாவின்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க குடுக்கற மிசோ எங்க வீட்டுல எவனுக்கும் புடிக்காதுங்க. நேரா முடிவெட்டற கடைக்குப் போயிடும். பாட்டிலும் அங்கதான் போச்சு!"

"எங்க மிசோவா புடிக்கல?" என்று நான் கேட்டேன்.

"சும்மா இரு சயோரி" என்றாள் அக்கா. சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வழி கிடைத்துவிட்டது. போகிற வீட்டில் முதலில் அக்கா தன் குற்றத்தை ஒத்துக்கொள்வாள். நீங்க கொடுத்த சோப்பை இன்னாருக்குக் கொடுத்தேன், துண்டை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று. எதிராளிக்கு முதலில் அதிர்ச்சி, அப்புறம் சிரிப்பு, அப்புறம் உண்மை. பல் டாக்டர் வீட்டிலும் இரண்டாம் தடவை கதவு திறந்தது. ஒரு பாட்டில் ஐந்து வீடு சுற்றி, முதலில் வாங்கின வீட்டுக்கு நாலாவது வாசலில் உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷம் ஊரே கட்டிக் காத்த ரகசியம் ஒரு வாரத்தில் சந்தி சிரித்தது. நான் மீன் டின்னைக் கவிழ்த்த கதையைக்கூட ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டேன், அது யாரும் கேட்காதது.

இருபத்தெட்டாம் தேதிக்குள் பதினான்கு வந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. அது ஷிரோட்டா டீச்சரிடம் போயிருந்தது.

ஷிரோட்டா டீச்சர் தேநீர்ச் சடங்கு சொல்லித் தருகிறவர். எழுபத்தாறு வயது. ஊரில் கல்யாணத்துக்கு எத்தனை மடிப்பு உறை, சாவுக்கு எந்த நிறக் கயிறு என்று எல்லோரும் அவரிடம்தான் கேட்போம். அங்கே மட்டும் என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அக்கா தனியாகப் போனாள். பத்து நிமிஷத்தில் வந்தாள்.

"குடிச்சிட்டாங்களாம்" என்றாள்.

"அப்பாடா!" என்று நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நான் போன பிறகும் கடை விளக்கு எரிந்ததாகச் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். எல்லாம் முடிந்ததே, இன்னும் என்ன என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலை, கடையைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சயோரி. டீச்சர் சொன்னாங்க, ரொம்ப இனிப்பா இருந்துச்சாம்."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பத்தெட்டில் எதுவும் இனிக்காது. நாங்கள் திறந்த அத்தனையும் காடி மாதிரிப் புளித்தது.

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"மூணு நாளாவா? மூணு நாளா இதை வாயில வச்சிக்கிட்டு இருந்தீங்க?" நான் கத்தினேன். அவளைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. "எவன் வீட்டுலயோ அது ஒக்காந்திருக்கு. இன்னிக்கு முப்பத்தொண்ணு. டீச்சர் மானம் போயிடக் கூடாதுன்னு நீங்க முள்ளங்கி சீவிட்டு இருந்தீங்களா?"

"அவங்க கொடுத்த எதையும் நான் யாருக்கும் தள்ளினதில்ல சயோரி. ஒத்துக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். "மொகத்தைப் பாத்து, நீங்க பொய் சொல்றீங்கன்னு எப்படிச் சொல்றது?"

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

இந்தத் தடவை நானும் வாசல் வரை போனேன். டீச்சர் வெளியே வந்து, முழங்கால் மடித்து உட்கார்ந்து, தலை குனிந்து, எங்களை வரவேற்றார். புத்தாண்டுக்கு எல்லாம் தயாராக, ஒரு தூசு இல்லாமல் இருந்தது வீடு. அக்கா கையில் வெல்டிங் முகமூடி. அவளும் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், அந்தப் பாட்டில்..."

"அதைத்தான் அன்னிக்கே சொன்னேனே மிட்சுயேசான். அருமையா இருந்துச்சு."

"இனிப்பாவா?"

"தேனு மாதிரி."

அக்கா தலையை நிமிர்த்தினாள். அந்தக் கல்லா மேடையில் உட்கார்ந்த முகம், எதையும் பாராத அந்த முகம், இப்போது நேராகப் பார்த்தது.

"அது இனிச்சிருக்காது டீச்சர். அந்த அடுப்புல எறக்கின ஒரு பாட்டில்கூட இனிக்கல. நீங்க அதைக் குடிக்கல. யாருக்கோ குடுத்திருக்கீங்க. இன்னிக்கு ராத்திரி அவங்க அதை ஹீட்டர்கிட்ட வைப்பாங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

டீச்சர் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்தக் கிழவியை உலுக்கினால் என்ன என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பிறகு அவர் எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது என்றே நினைத்தேன். வந்தபோது மேலங்கி போட்டிருந்தார். அவசரத்தில் காலில் வெறும் வெள்ளைத் துணிக் காலுறையோடு பனியில் இறங்கினார்.

"கொஹாரு வீடு" என்றார். "வண்டியை எடு."

கொஹாரு அவருடைய மாணவி. குழந்தை பிறந்து மூன்று வாரம். அமாசாகே குடித்தால் தாய்ப்பால் ஊறும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வண்டியில் டீச்சர் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் அந்தப் பனியில் ஓட்டின வேகத்தை உட்சுமி பார்த்திருந்தால் எனக்கும் சேர்த்து ஒரு பாலிசி எழுதியிருப்பார்.

கொஹாரு கதவைத் திறந்தாள். தூக்கம் கெட்ட கண், தோளில் பால்துணி. "போன் சத்தத்தை நிறுத்தி வச்சிருந்தேன் டீச்சர், இப்பத்தான் புள்ள தூங்குச்சு. எல்லாரும் என்ன..." என்றவள் முகமூடியைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

பெட்டி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது. ஹீட்டருக்கு இரண்டு அடி தள்ளி ஒரு தாழ்வான அலமாரி, அதன் மேல் கட்டுப் பிரிக்காத பெட்டி, மேலே ஷிரோட்டா என்ற பெயர்த்தாள். அலமாரிக்கு இந்தப்பக்கம், தரையில், குழந்தை படுத்திருந்தது.

"புள்ளையை எடுத்துக்கிட்டுப் பின் ரூமுக்குப் போம்மா. மெதுவா. ஓடாத" என்றாள் அக்கா. கேட்டுப் பழகாத குரல். கொஹாரு கேள்வி கேட்கவில்லை, குழந்தையை அள்ளிக்கொண்டு போனாள். நான் ஹீட்டரை அணைத்தேன். அக்கா முகமூடியை இறக்கிக்கொண்டு, வண்டியில் கொண்டுவந்த ஈரக் கம்பளியைப் பெட்டியின் மேல் போட்டு, இரண்டு கையாலும் தூக்கினாள். பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. மூடி கசியத் தொடங்கிவிட்டிருந்தது.

வாசல், மூன்று படி, கிணற்றடி, அதற்கு அப்பால் கூரையிலிருந்து தள்ளிய பனிக்குவியல். நான் எண்ணிக்கொண்டே நின்றேன், பதினாறு காலடி. குவியலில் குழி பறித்து வைத்தாள், மேலே பனியைத் தள்ளினாள், திரும்பி நடந்தாள். அந்தப் பழகிப்போன வாத்து நடைதான், ஆனால் ஓடவில்லை. படிக்கு வந்து சேர்ந்து முகமூடியை மேலே தள்ளியதுதான் தாமதம்.

டப் என்றது. அவ்வளவுதான். குவியலின் தலை கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தது. பனிக்கு மேலே மஞ்சளாக ஒரு நனைவு பரவியது. வேலி மூங்கிலில் ஒரு கண்ணாடித் துண்டு டிக் என்று பட்டு விழுந்தது. குழந்தை எழுந்திருக்கக்கூட இல்லை.

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக.

கொஹாரு வாசல் வரை வந்து பனியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அது... டீச்சர் குடுத்ததுதானே?"

அக்காவின் பழைய வாய் தானாகவே திறந்தது. "டீச்சர்தான்மா ஞாபகம் வச்சிருந்து, ஒடனே எங்களைக் கூட்டிக்கிட்டு..."

"பொய்" என்றார் டீச்சர். நனைந்த காலுறையோடு, கோல் மாதிரி நிமிர்ந்து நின்றார். "எனக்கு வந்த சீரைப் பேரை மாத்தி உனக்குக் குடுத்தேன் கொஹாரு. இவ வந்து கேட்டப்ப, குடிச்சிட்டேன்னு சொன்னேன். பாட்டில் வெடிக்கும்னு நான் நம்பல. மூணு நாள் என் பொய்யோட உன் புள்ள படுத்திருந்துச்சு."

"என் மௌனத்தோடவும்" என்றாள் அக்கா. "பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பாட்டிலுக்கு நான் பொறுப்புன்னு சட்டம் சொல்லுது. இந்த மூணு நாளைச் சட்டம் எதுல சேர்க்குமோ எனக்குத் தெரியாது. எதுல சேர்த்தாலும் அது என்னோடதுதான்." அப்புறம் அவள் பனியில் முழங்கால் போட்டு, தரையில் நெற்றி படக் குனிந்து, மன்னிப்புக் கேட்டாள். உட்சுமி பத்துத் தடவை வேண்டாம் என்று சொன்னதை.

பக்கத்தில் டீச்சரும் முழங்கால் போட்டார். எழுபத்தாறு வயதில் அவ்வளவு அழகாகக் குனிய அவரால்தான் முடியும்.

கொஹாரு கோபப்படுவாள் என்று பார்த்தேன், படலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திருங்க ரெண்டு பேரும். கால் வெறைச்சிடும். உள்ள வந்து சூடா ஏதாவது குடிங்க" என்றாள். பிறகு அவளுக்கே உறைத்து, "டீ. வெறும் டீ" என்றாள்.

முதலில் சிரித்தது டீச்சர்தான்.

உட்சுமிக்கு நான்தான் போன் செய்தேன். நாற்பத்தொன்றும் வந்தாச்சு, யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்றேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அப்ப கேஸ் இல்ல. எழுத ஒண்ணுமில்ல" என்றார். வாழ்க்கையில் ஒரு இன்ஷூரன்ஸ்காரர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவை வீட்டில் விட்டேன். சாயங்காலம் நாலு மணி. கையுறையைக்கூடக் கழற்றாமல் படுத்தவள், நள்ளிரவுக் கோயில் மணியோசை எழுப்பவில்லை, வருஷம் பிறந்தது எழுப்பவில்லை.

ஒன்றாம் தேதி காலை நான் கடை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். டோகுஜி அண்ணன் குடும்பம், பல் டாக்டர் வீடு, சைக்கிள் கடைக்காரர், முடிவெட்டுகிறவர், வரிசையாக வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ஒவ்வொருவரும் வாய் நிறைய மூச்சு பிடித்துக்கொண்டு தொடங்கினார்கள்.

"ஷ்ஷ். தூங்கறாங்க" என்றேன்.

"இன்னுமா? எல்லாம் வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சு."

அந்த வருஷம் எங்கள் தெருவில் புத்தாண்டு வாழ்த்தை எல்லோரும் ரகசியக் குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள். மீன்கடைக்காரர் நுனிக்காலில் நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.